சைரன், சுழல்விளக்கு: தமிழில் எப்படிச் சொல்வது? (திங்களன்று அச்சு)

வேளச்சேரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்பு அம்பத்தூரில், புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இருக்கிறதல்லவா, அதில் 108ஆம் விதி விளக்குக்கு, 119ஆம் விதி ஒலிக்கு. அந்தப் பக்கத்தில் பீக்கன், ஃபிளாஷர், பிளிங்கர், சைரன், மல்டி-டோன் ஹாரன் எல்லாம் வருகின்றன. பத்திரிகைகள் முதல் மூன்றையும் 'சுழல்விளக்கு' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. எனக்கு ஒன்றோடொன்று குழம்பாத சொற்கள் வேண்டும். படிக்கப்போகிறவர்கள் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தவர்கள். அதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

தாம்பரத்தார் எழுதியது:

அம்மா, பீக்கனுக்குப் புதிதாக எதற்குச் சொல்? நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறதே. பெரும்பாணாற்றுப்படையில் கடற்கரை மாடத்து உச்சியில் இரவில் ஏற்றிய விளக்கை உருத்திரங்கண்ணனார் 'இலங்குசுடர் ஞெகிழி' என்கிறார். அது என்ன செய்கிறது? 'ஓடுகலம் கரையும்'. கரைதல் என்றால் கூப்பிடுதல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கலங்கரை விளக்கமும் அதில் பிறந்ததுதான். ஆகவே விளக்குக்கு ஞெகிழி, சைரனுக்குக் கரைவான். ஒளி, ஒலி இரண்டும் ஒரே பாட்டிலிருந்து கிடைத்துவிட்டன.

குரோம்பேட்டை வாத்தியார் எழுதியது:

பேராசிரியர் ஐயா, பாட்டு அருமை. ஆனால் ஞெகிழி என்று அச்சிட்டால் அச்சகத்தில் எழுத்துப் பிழை என்று நினைத்து 'நெகிழி' ஆக்கிவிடுவார்கள். அப்புறம் பிளாஸ்டிக் விளக்கு என்றுதான் பையன்கள் படிப்பார்கள். கரைவானும் கஷ்டம். நான் வேதியியல் நடத்துகிறவன். கரைப்பான், கரைபொருள், கரைசல் மூன்றையும் ஒன்பதாம் வகுப்புக்குள் ஏற்றுவதற்கே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸ் மேலே கரைவான் உட்கார்ந்தால் உள்ளே இருக்கிறவர் கரைந்துபோவார்.

'அலறி' எப்படி?

வளசரவாக்கம் அக்கா எழுதியது:

அலறி வேண்டாம் தம்பி. சென்னையில் ற, ர இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறீர்கள். காதில் அலரிப் பூவாகத்தான் விழும். எங்கட நாட்டில் பிரதமரின் அரசு இல்லத்துக்குப் பெயர் அலரி மாளிகை. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். அங்கே சைரனுக்கு 'அபாயச் சங்கு' என்றுதான் சொல்லுவோம், எல்லாருக்கும் விளங்கும். ஆம்புலன்ஸுக்கு நோயாளர் காவு வண்டி.

அம்பத்தூர் பயிற்சியாளர் எழுதியது:

அக்கா, காவு வண்டியா? இங்கே காவு என்றால் பலி. 'அந்த வளைவு ஆளைக் காவு வாங்கும்' என்பார்கள். நோயாளியின் வீட்டு வாசலில் அப்படி எழுதிய வண்டி வந்து நின்றால் யாரும் ஏற மாட்டார்கள்.

வளசரவாக்கம் அக்கா எழுதியது:

காவுதல் என்றால் சுமத்தல். காவடியில் இருக்கிறதும் அதுதான். நீங்கள்தான் அந்தச் சொல்லைக் கொன்றுபோட்டீர்கள் 😀

பெரம்பூர் பெரியவர் எழுதியது:

சங்கு நல்ல சொல்தான். எங்கள் பக்கம் ஆலைச் சங்கு கேட்டு வேலைக்குப் போன தலைமுறை நாங்கள். சைரன் என்று அப்போது யாரும் சொன்னதில்லை. ஆனால் ஆம்புலன்ஸுக்கு அது சரிவராது. 'அவருக்குச் சங்கு ஊதியாச்சு' என்றால் என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சொல்ல வந்தது வேறு. சைரனும் கிரேக்கக் கதையில் கப்பல்காரர்களைப் பாடி மயக்கிக் கொல்லும் பெண்கள்தான். 1819இல் காஞ்யார் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கருவி தண்ணீருக்குள்ளும் பாடுகிறதே என்று அந்தப் பெயரை வைத்தார். ஆக வெளிநாட்டுச் சொல்லிலும் சாவு உண்டு. நாம் மட்டும் சங்கைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

புரசை வக்கீல் எழுதியது:

சொல்லைத் தேடும் முன் சட்டம் எதைத் தடுக்கிறது என்று பார்த்துவிடலாம். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

முதலில் விளக்கு. முன்பு 108ஆம் விதியில் உயர் பதவியினருக்குச் சிவப்பு விளக்கு, அதிலும் சிலருக்கு ஃபிளாஷரோடு, சிலருக்கு ஃபிளாஷர் இல்லாமல் என்று தரவரிசை இருந்தது. 2013 டிசம்பர் 10 அன்று அபய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் (நீதிபதிகள் சிங்வி, நாகப்பன்) அந்தப் பட்டியலைக் கண்டபடி நீட்டக்கூடாது என்று கட்டிப்போட்டது. 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, மே 1 முதல் உயர் பதவி விளக்கே போய்விட்டது. மந்திரி காருக்கும் கிடையாது. இப்போது சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த பலநிற விளக்கு தீயணைப்புக்கு, சட்டம் ஒழுங்கைப் பார்க்கும் போலீஸுக்கும் படைகளுக்கும், வெள்ளம் புயல் போன்ற பேரிடர்ப் பணிக்கு மட்டும்தான். அதையும் அந்தப் பணியில் இல்லாத நேரத்தில் எரியவிடக் கூடாது. ஆம்புலன்ஸுக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது: ஊதாக் கண்ணாடி போட்ட, பிளிங்கர் வகைச் சிவப்பு விளக்கு. மேடம், 'ஊதா' என்ற இடத்தில் ஜாக்கிரதை. நம் ஊரில் நீலத்தையும் ஊதா என்கிறவர்கள் நிறைய. 'கத்திரிப்பூ நிறம்' என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஒலி. 119ஆம் விதி கருவியின் பெயரைப் பார்ப்பதில்லை, ஒலியின் குணத்தைப் பார்க்கிறது. வேறு வேறு சுரம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஹாரன் கூடாது. அளவுக்கு மீறிக் கரகரப்பது, கீச்சிடுவது, மிரளவைப்பது எதுவும் கூடாது. இது லாரிக்கும் பஸ்ஸுக்கும் உங்கள் ஸ்கூட்டருக்கும் பொதுவான தடை. விலக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்பு வண்டி, போலீஸ், கட்டுமான இயந்திரம், மோட்டார் வாகனத் துறை அதிகாரி ஆகியோருக்கு. அவர்களும் பதிவு அதிகாரி ஒப்புக்கொண்ட ஒலியைத்தான் வைக்கலாம். எனவே சைரனை என்ன பெயரிட்டு அழைத்தாலும் சட்டத்துக்குக் கவலை இல்லை. 'வேறு வேறு சுரம்' என்ற இடத்தைத் தவறாக மொழிபெயர்த்தால்தான் வம்பு.

குரோம்பேட்டை வாத்தியார் எழுதியது:

அப்படியானால் 'பல்சுர ஒலிப்பான்'.

அம்பத்தூர் பயிற்சியாளர் எழுதியது:

ஆம்புலன்ஸில் பல்சுரமா? சுரம் என்றால் காய்ச்சலும்தான் சார்.

தாம்பரத்தார் எழுதியது:

'ஒலிப்பான்' என்பதையே நான் ஏற்கவில்லை. ஒலிப்பான் என்றால் ஒலிக்கின்ற ஆண்மகன். ஆன் ஆண்பால் விகுதி. இயந்திரத்துக்கு 'இ' விகுதி போட வேண்டும்: மண்வெட்டி, பாக்குவெட்டி, செயலி, கணினி.

பெரம்பூர் பெரியவர் எழுதியது:

மண்வெட்டி கருவி. விறகுவெட்டி யார்? ஆள்தானே. உங்கள் 'இ' இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

தாம்பரத்தார் எழுதியது:

விறகுவெட்டியில் உள்ள இகரம் வினைமுதற்பொருள் விகுதி, மண்வெட்டியில் உள்ளது கருவிப்பொருள் விகுதி. வடிவம் ஒன்று, பொருள் வேறு. இதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்:

தனி இழையில் எழுதுங்கள் ஐயா, தயவுசெய்து. இன்று வெள்ளிக்கிழமை.

அம்பத்தூர் பயிற்சியாளர் எழுதியது:

வகுப்பு எடுக்கப்போகிறவன் நான்தான், ஒரு வார்த்தை சொல்கிறேன். வண்டியில் யாரும் ஒலிப்பான் என்றோ அலறி என்றோ சொல்வதில்லை. 'லைட்டப் போடு, சைரனப் போடு', அவ்வளவுதான். சைரன் பெட்டியில் மூன்று பொத்தான் இருக்கும். ஒன்று மெதுவாக ஏறி இறங்கும் வெய்ல், ஒன்று வேகமாகத் துடிக்கும் எல்ப், ஒன்று இரண்டே சுரம் மாறி மாறி வரும் ஹை-லோ. திறந்த ரோட்டில் வெய்ல், சிக்னல் நெருங்கினால் எல்ப். இதைத் தமிழில் என்ன போடலாம் என்று சொன்னால் உண்மையில் பயன்படும். போன முறை ஒரு பையன் வெய்ல் என்பதை 'வெயில்' என்று எழுதி, பகலில் மட்டும் போடுவதாகப் புரிந்துவைத்திருந்தான்.

இன்னொன்று. 'சுழல்விளக்கு' இப்போது சுழல்வதே இல்லை. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய விளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நடுவில் பல்பு அசையாமல் இருக்கும், அதைச் சுற்றி வளைந்த கண்ணாடி ஒன்றைக் குட்டி மோட்டார் சுற்றவிடும். இன்றைக்கு வருவது எல்ஈடி பட்டை. ஒரு பக்கம் அணைந்து மறுபக்கம் எரிகிறது, எதுவும் சுற்றுவதில்லை.

தாம்பரத்தார் எழுதியது:

வெய்ல் என்பது ஓலம்! சுந்தரச் சொல். எல்ப் என்பது குரைப்பு.

வளசரவாக்கம் அக்கா எழுதியது:

ஐயா, உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டு ஒரு மனிசன் படுத்திருக்கிறார். மேலே ஓலம், குரைப்பு. கொஞ்சம் யோசியுங்கள்.

குரோம்பேட்டை வாத்தியார் எழுதியது:

'நீள் ஏற்றம்', 'விரை துடிப்பு', 'இருசுரம்' என்று போடலாம். பீக்கனுக்கு 'அவசர விளக்கு'.

பெரம்பூர் பெரியவர் எழுதியது:

கரண்ட் போனால் எடுக்கும் எமர்ஜென்சி லைட்டைத்தான் என் வீட்டில் அவசர விளக்கு என்பார்கள். வேண்டாம்.

போகிற போக்கில் ஒன்று: விதியும் 108, 2008இல் தமிழ்நாட்டில் வந்த ஆம்புலன்ஸ் எண்ணும் 108, திவ்ய தேசமும் 108. யாராவது ஆராயலாம்.

மட்டுறுத்துநர்:

யாரும் ஆராய வேண்டாம்.

புரசை வக்கீல் எழுதியது:

பிளிங்கர், ஃபிளாஷருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே? 'சிமிட்டு விளக்கு' என்று என் ஜூனியர் சொன்னான். கண்ணடிக்கிற விளக்கு போல இருக்கிறது, நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. நேராக 'விட்டு விட்டு எரியும் விளக்கு' என்றே எழுதலாம். நீளம்தான், ஆனால் யாரும் வாதாட முடியாது. அப்படியே மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்; 2019 திருத்தத்தில் வந்தது. ஓட்டுநர்களுக்குத் தெரிந்தால் தெம்பாக இருக்கும்.

வேளச்சேரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு ராத்திரி ஆகிவிட்டது, அனுப்பிவிட்டேன். சைரன் சைரனாகவே இருக்கிறது. நால்வர் அதற்குத் தலையாட்டினீர்கள், இருவர் களைத்துப்போய்த் தலையாட்டியது போல இருந்தது. பீக்கனுக்குச் சுழல்விளக்கு. சுழலாவிட்டாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் தெரிந்த சொல். ஃபிளாஷருக்கும் பிளிங்கருக்கும் 'விட்டு விட்டு எரியும்'. இரண்டையும் பிரிக்க முடியவில்லை, 108ஆம் விதியின் இன்றைய நிலையில் பிரிக்கத் தேவையும் இல்லை. மல்டி-டோன் ஹாரன் 'சுரம் மாறி ஒலிக்கும் ஹாரன்' ஆகியிருக்கிறது. பெட்டியில் வெய்ல், எல்ப், ஹை-லோ என்று பெயர் அப்படியே. பக்கத்தில் வாத்தியார் சொன்ன விளக்கம். கத்திரிப்பூ நிறமும் போட்டாயிற்று.

அம்பத்தூர் பயிற்சியாளர் எழுதியது:

இது போதும் மேடம். வகுப்பில் ஓடும்.

தாம்பரத்தார் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். சுழலாததைச் சுழல்விளக்கு என்றும், கிரேக்கப் பெண்ணைச் சைரன் என்றும் ஏற்கிறவர்கள், உருத்திரங்கண்ணனார் ஏற்றிவைத்த ஞெகிழியை மட்டும் பிளாஸ்டிக் என்று தள்ளுவது எந்த நியாயம்? இரண்டாம் பதிப்பு வரும்போது கேட்பேன். அதற்குள் ஹாரனையும் எடுத்துக்கொள்வோம். சங்க நூல்களில் 'வயிர்' என்று ஊதுகொம்பு ஒன்று உண்டு. வல்லின றகரம் இல்லை, பயிற்சியாளருக்கும் சிக்கல் இருக்காது.

அம்பத்தூர் பயிற்சியாளர் எழுதியது:

வயிறு ஐயா?