வெல்டு வைத்த பிரீவீல் கழலுமா, கழலாதா?

கொக்கிரகுளம் பட்டறை:
‘ஈரடுக்குப் பாலம்’ என்ற பெயரில் இங்கே எழுதுகிற தம்பி, பழைய இரும்புக் கடையில் எடுத்த ஹெர்குலிஸ் வண்டியின் பிரீவீலை, அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓட விடும் பின் பல்சக்கரத்தை, வெல்டு வைத்துவிட்டால் பெடல் எப்போதும் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும் பிக்ஸட் கியர் வண்டி தயார் என்றும், பல்சக்கரம் கழலாமல் பூட்டும் லாக் ரிங் என்பது காசு பிடுங்குவதற்கான வெளிநாட்டு அலங்காரம் என்றும், பிரேக்கைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றும் நேற்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் தாங்களும் செய்து பார்க்கப் போவதாக எழுதியிருப்பதைக் கண்ட பிறகு என்னால் வாய் மூடி இருக்க முடியவில்லை.

பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் பிரீவீல் ஏறுவது வலது மரை. முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது இறுகும். சாதாரண வண்டியில் பெடலைப் பின்னால் சுற்றினால் பிரீவீல் வெறுமனே ஓடிவிடுவதால், கழற்றுகிற விசை ஹப்பின் மரையை எட்டுவதே இல்லை. வெல்டு வைத்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. வேகத்தைக் குறைக்கப் பெடலை எதிர்த்து அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த விசை முழுவதும் மரையைக் கழற்றும் திசையில்தான் செல்கிறது. இதற்காகத்தான் பந்தயத் தட வண்டிக்கான ட்ராக் ஹப்பில் மரையை இரண்டு படியாக வெட்டியிருக்கிறார்கள். உள்படி பல்சக்கரத்துக்கான வலது மரை. வெளிப்படி அதைவிடச் சற்றுக் குறைந்த விட்டத்தில் லாக் ரிங்குக்கான இடது மரை. பல்சக்கரம் கழலப் பார்த்தால் அதுவே லாக் ரிங்கை இறுகும் பக்கமாகத் தள்ளும். இதை அலங்காரம் என்று சொல்கிறவர் ஹப்பைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஈரடுக்குப் பாலம்:
அண்ணாச்சி, நான் ஹப்பைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் எழுதினேன். என் வண்டி வண்ணார்பேட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையில் தினமும் ஓடுகிறது. பிரீவீல் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. பழைய பிரீவீலை ஹப்பிலிருந்து எடுக்க உங்கள் பட்டறையில் என்ன செய்கிறீர்கள்? கழற்றியை வைஸில் கடித்து நிறுத்தி, சக்கரத்தின் ரிம்மை இரண்டு கைகளாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புகிறீர்கள். அப்படியும் வராமல் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைக்கிறீர்கள். அவ்வளவு இறுகியிருப்பதை என் கால் எப்படிக் கழற்றும் என்று முதலில் சொல்லுங்கள். பாலத்தின் ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது உடல் எடை முழுவதும் அதை இறுக்குகிறது. நிறுத்தும்போது கொடுக்கிற எதிர் விசை அதில் பாதிகூட இருக்காது. வெல்டு கழலாது.

கொக்கிரகுளம் பட்டறை:
வைஸில் கடிக்கிற பிரீவீல், ஆண்டுக்கணக்கில் மழையும் துருவும் பிடித்து இறுகிப்போனது. நீங்களோ அதைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, வெல்டு வைத்து மறுபடி ஏற்றியிருக்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒன்றாகும்? மேலும் இரும்புக் கடையில் கிடைக்கிற ஹப் எந்த நிலையில் வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பிரீவீலை மாற்றி மாற்றி மரை மழுங்கிப்போன ஹப்புகளே அங்கே அதிகம். கோணலாக ஏற்றி மரை சிதைந்தவையும் உண்டு. கால் கொடுக்கிற எதிர் விசை குறைவு என்று தராசில் நிறுத்ததுபோல் எழுதுகிறீர்கள். செயின் கொஞ்சம் தொய்ந்திருந்தால் பெடலை எதிர்த்தவுடன் அந்தத் தொய்வு முழுவதும் ஒரே இழுப்பில் வெட்டி இழுக்கும். மரையை நெகிழ்த்துவது அந்த வெட்டுதான். ஒருமுறை நெகிழ்ந்தால் அடுத்த வெட்டுக்கு இடம் கிடைத்துவிடும். வெல்டு வைத்த பிரீவீல் கழலும்.

தாழையூத்துக் காற்று:
இருவரும் பொறுமையாகக் கேளுங்கள். பிக்ஸட் கியர் என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வாதம் குறையும். வெல்டு வைத்ததை அந்தப் பெயரில் சேர்க்கலாமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டிஸ்க் பிரேக் வந்த கியர் சைக்கிள்கள் இப்போது பழைய வண்டி விலைக்கு நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் டிஸ்க் தகடு ஏறும் இடத்தில் 44 மில்லிமீட்டர் வட்டத்தில் 6 போல்ட்டுகள் இருக்கும். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, அந்த 6 போல்ட்டில் பல்சக்கரத்தை முடுக்கிவிட்டால் மரையில் கழலும் பேச்சுக்கே இடமில்லை. நான் கயத்தாறு பக்கத்து ஆடிக் காற்றில் எதிர்முகமாக ஓட்டுவது அப்படிப்பட்ட வண்டியைத்தான்.

ஈரடுக்குப் பாலம்:
இங்கே பேச்சு வெல்டைப் பற்றி. போல்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கொக்கிரகுளம் பட்டறை:
காற்றுக்காரர் சொல்வது சரியான வேலைதான். ஆனால் அந்த ஹப்பின் அகலம் ரோட்ஸ்டர் என்கிற பழைய சாதாரண சைக்கிள் பிரேமின் பின்கவைக்குள் நுழையாது. கவையை விரித்தால் வரிசை கோணும். செயின் வீலும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் செயின் கழன்று விழும். பிக்ஸட் வண்டியில் செயின் விழுந்தால் பெடலும் போயிற்று, நிறுத்தமும் போயிற்று. கியர் சைக்கிளின் பிரேமையே எடுத்தால், பின் அச்சு உட்காரும் காடி செங்குத்தாக இருப்பதால் செயினை இழுத்துக் கட்ட வழி கிடையாது. நம்முடைய பழைய பிரேமில் காடி கிடையாக நீண்டிருக்கிறது, அட்ஜஸ்டரும் இருக்கிறது. ஆகையால் பழைய பிரேமை எடுப்பவருக்கு ட்ராக் ஹப்பும் லாக் ரிங்குமே ஏற்றவை. மறுபடியும் மரைக்குத்தான் வந்து நிற்கிறோம்.

பழைய ராலி:
மரையை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் பிரேமைப் பற்றிக் கேட்கிறேன். ‘ஈரடுக்குப் பாலம்’ சென்ற மாதம் ஒரு படம் போட்டிருந்தார். அது அசன்சோல் தொழிற்சாலையில் சென்-ராலி செய்த பிரேம் என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. குழாய்களை இணைக்கும் லக்குகளைச் சேர்த்துப் பித்தளை ஊற்றிச் செய்த அருமையான வேலை அது. ராடு பிரேக்கின் கம்பிகளை அறுத்து, செயின் கவர் பிடிக்கும் காதுகளை ரம்பத்தால் சீவி, மேலே கறுப்பு ஸ்பிரே அடித்திருக்கிறார். அந்தப் பிரேமை அம்பாசமுத்திரத்தில் நான் விலை பேசி வைத்திருந்தேன். இடையில் புகுந்து கூடுதல் காசு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனவர் யார் என்பது அவருக்கே தெரியும்.

ஈரடுக்குப் பாலம்:
விலை பேசி வைத்துவிட்டு இரண்டு மழைக்காலம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? கோழிக்கூண்டுக்கு மேல் கிடந்ததை நான் சாலையில் ஓட விட்டிருக்கிறேன். மரியாதை செய்தது நானா, அண்ணாச்சியா?

அம்பை ஆற்றங்கரை:
பிரேக் விஷயத்தில் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜப்பானில் 1948 ஆம் ஆண்டு கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் இன்றுவரை பிரேக் இல்லாத வண்டிகளே ஓடுகின்றன. பக்கத்தில் திருவனந்தபுரம் காரியவட்டத்து வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தடத்தில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளின் வண்டியிலும் பிரேக் கிடையாது. பிரேக் இல்லாமல் ஓட்டுவது ஒரு தனிக் கலை.

கொக்கிரகுளம் பட்டறை:
வெலோட்ரோமில் எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள். குறுக்கே ஆட்டோ திரும்பாது, மாடு படுக்காது, டவுன் ரத வீதியில் நிற்பதுபோல் ஆள் கூட்டம் நிற்காது. அவர்கள் ஹப்பில் லாக் ரிங் இருக்கிறது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். பிரிட்டனில் 1983 ஆம் ஆண்டு வந்த விதிகள் பிக்ஸட் பின்சக்கரத்தை ஒரு பிரேக்காகவே ஏற்றுக்கொள்கின்றன. அப்படி ஏற்றுக்கொண்டும் முன்சக்கரத்துக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்கின்றன. பாபநாசத்திலிருந்து காரையார் போகும் மலைப்பாதையில் வெல்டு வைத்த பிரீவீலை நம்பி இறங்குகிறவரை எண்ணிப் பாருங்கள். இறக்கம் முழுவதும் எதிர் விசைதான். மரையைத் திரும்ப இறுக்க ஏற்றமே வராது. பாலத்தின் ஏற்றம் இறுக்குகிறது என்று சொன்ன தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொன்றையும் சொல்ல விட்டுப்போயிற்று. பிரீவீலின் உள்வளையமும் பல் உள்ள வெளிவளையமும் கடினப்படுத்திய எஃகு. அதில் சாதாரண வெல்டிங் ராடு வைத்து வெல்டு செய்தால் ஓரத்தில் எஃகு நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விடும். விரிசல் முற்றி வெல்டு விட்ட நொடியில் அது மறுபடி பிரீவீல் ஆகிவிடும். பெடல் சும்மா சுற்றும். பிரேக்கோ ஏற்கெனவே இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

ஈரடுக்குப் பாலம்:
முதலில் மரை கழலும் என்றீர்கள், இப்போது வெல்டு விரியும் என்கிறீர்கள். எது என்று நிலைத்து நில்லுங்கள். என் வெல்டு விரியவும் இல்லை, மரை கழலவும் இல்லை. லாக் ரிங் உள்ள ஹப்பை இணையத்தில் வாங்கினால் வண்டியின் விலையைவிட ஹப்பின் விலை அதிகம். காசு இருக்கிறவர்கள் மட்டுமே இந்த வண்டி ஓட்ட வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் எண்ணமோ?

கொக்கிரகுளம் பட்டறை:
இரண்டும் நடக்கும் என்றுதான் சொன்னேன். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடாது. காசைப் பற்றிப் பேசினால், என் பட்டறைக்கு வந்த ஏழைப் பிள்ளை யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில், கப்பைப் பூட்டும் லாக் ரிங்குக்கும் பிரீவீலின் அதே மரைதான்: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இரும்புக் கடையில் அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நல்ல மரையுள்ள ஹப்பில் முழுப் பல்சக்கரம் ஏற்றி, மரையில் பூட்டுப் பசை போட்டு, வெளியே அந்த ரிங்கை முடுக்கினால் வெல்டைவிட மேல். ஆனால் அதுவும் வலது மரை என்பதால் முழுப் பூட்டு ஆகாது. முன்பிரேக் இருந்தால் மட்டுமே அப்படிச் செய்து கொடுப்பேன்.

அம்பை ஆற்றங்கரை:
அப்படியானால் லாக் ரிங் போட்டும் உங்களுக்கு நம்பிக்கை இல்லை. தம்பி சொன்னதைத்தான் அண்ணாச்சியும் சுற்றி வளைத்துச் சொல்கிறார்.

கொக்கிரகுளம் பட்டறை:
இடது மரைக்கும் வலது மரைக்கும் வேறுபாடு தெரியாமல் என் வாயில் சொல் திணிக்க வேண்டாம்.

தாழையூத்துக் காற்று:
தம்பியின் வண்டியில் செயின் வீல் 48 பல், பின்னால் 18 பல் என்று படத்தில் தெரிகிறது. அதைச் சுருக்கினால் 8க்கு 3. சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்தும் பழக்கம் இருந்தால், பெடல் எப்போதும் ஒரே நிலையில் பூட்டுவதால், அந்தப் பின் எண்ணின்படி டயர் மூன்றே இடத்தில் தேயும். 44 பல் செயின் வீல் போட்டால் 22க்கு 9 ஆகி, தேய்வு ஒன்பது இடங்களில் பரவும். டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே அவர் எவ்வளவு எதிர் விசை கொடுக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஈரடுக்குப் பாலம்:
டயரைப் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வண்ணார்பேட்டைக்கு வரலாம். அண்ணாச்சி தம் கையாலேயே அந்தப் பிரீவீலைக் கழற்றிக் காட்டட்டும். கழலாது.

கொக்கிரகுளம் பட்டறை:
கையால் கழற்றிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. பாபநாசம் இறக்கத்தில் கழல்வதைப் பற்றித்தான் பேசுகிறேன். அங்கே வரத் தயாரா? முன்பிரேக் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஈரடுக்குப் பாலம்:
பிரேக் போட்டால் அது என் வண்டி இல்லை.

பழைய ராலி:
அது உங்கள் வண்டியே இல்லை. அறுத்த ராடு பிரேக் கம்பிகளை என்ன செய்தீர்கள் என்று இன்னும் பதில் வரவில்லை. அவற்றையாவது கொடுத்துவிடுங்கள், என்னிடம் அதே காலத்து முன்கவை ஒன்று காத்திருக்கிறது.