மசக்கை என்று விடப்பட்ட மனச்சோர்வு: சில அனுபவங்கள்

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம் மாவட்டம்:

கர்ப்பிணிக்கு வரும் மனநோயின் ஒவ்வோர் அறிகுறிக்கும் வீட்டில் ஒரு காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. சாப்பிடவில்லையென்றால் மசக்கை; தூங்கவில்லையென்றால் வயிறு பெரிதாகிவிட்டது; அழுதால் தாய்வீட்டு நினைப்பு; சுருண்டு படுத்திருந்தால் இரத்தம் குறைவு; எதுவும் பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது கண்ணேறும் காற்றுக் கறுப்பும். இவற்றில் சில உண்மையாகவும் இருந்துவிடும். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வைப் போன்றே அசதியைத் தரும் என்பதால், அவற்றை முதலில் பரிசோதிப்பது முறையே. முடிவுகள் சரியாக வந்த பிறகும் பெண் அப்படியே இருக்கிறாள் என்றால், அடுத்த கேள்வியைக் கேட்க ஒருவரும் முன்வருவதில்லை.

எங்கள் துணை சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐந்தாம் மாதம் முடிந்தும் எடை ஏறவில்லை. இரத்த அளவு மோசமில்லை, தைராய்டும் சரியாக இருந்தது. மாமியார்தான் ஒவ்வொரு முறையும் உடன் வருவார். நல்ல மனிதர், ஆனால் மருமகளிடம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொல்லிவிடுவார். டாப்ளர் கருவியில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டவுடன் பெரும்பாலான பெண்களின் முகம் மலரும். இவளோ சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் வீட்டுக்குச் சென்றபோது, நாங்கள் கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு கோலமாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தன.

மாமியாரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே அனுப்பிவிட்டு, "செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வருகிறதா, அம்மா?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று செவிலியர்கள்கூட அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. அவள் அழவில்லை. பூச்சிமருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொன்னாள்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தெரிவித்தோம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் அவளைப் பார்த்தார். பூச்சிமருந்து வீட்டிலிருந்து அகற்றப்பட்டது. திருப்பூரில் வேலையிலிருந்த கணவர் வரவழைக்கப்பட்டார். வேப்பிலை அடிக்கக் கூட்டிச்செல்வதாக இருந்த மாமியாரிடம், கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை, மாத்திரையை நிறுத்தாமல் போய் வாருங்கள் என்றுதான் சொன்னேன். சிலர் இதற்கு என்னைக் குறைசொல்வார்கள். ஆனால் அந்த அம்மாள் பகையாகிப்போயிருந்தால், மறு மாதம் அந்தப் பெண்ணை மருத்துவரிடம் அழைத்து வர வேறு ஆள் இல்லை. குழந்தை உரிய காலத்தில் பிறந்தது. சிகிச்சை அதற்குப் பிறகும் பல மாதங்கள் தொடர்ந்தது.

பள்ளி ஆசிரியை, மதுரை:

எனக்கு வந்தது சோர்வு அன்று, அச்சம். அச்சப்படும் கர்ப்பிணியை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. "பொறுப்பான பெண்" என்று பாராட்டவே செய்கிறார்கள்.

முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. அடுத்த முறை கருவுற்றபோது, கழிவறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அசைவு தெரியத் தொடங்கிய பிறகு ஒவ்வோர் அசைவையும் கைபேசியில் குறித்துவைத்தேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் ஒரு கை வயிற்றின்மேல்தான் இருக்கும். ஸ்கேன் முடிவு நன்றாக இருந்தால் கிடைக்கும் நிம்மதி, படியிறங்கி ஆட்டோ ஏறும் வரைகூட நிற்காது. வளைகாப்பு வேண்டாம் என்று நான் சொன்னதை வீட்டார் சகுன பயம் என்று எண்ணிக்கொண்டார்கள். முதல் வளைகாப்பில் அணிவித்த கண்ணாடி வளையல்களைப் பிரசவ அறைக்கு வெளியே என் அத்தை சோப்பு நுரை தடவி ஒவ்வொன்றாகக் கழற்றியது எனக்குத்தான் நினைவிருந்தது.

ஒரு நாள் இரவு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைவிரல்கள் மரத்துப்போய் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றோம். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர்தான், முந்தைய பிரசவத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். முதலில் பேச்சுவழிச் சிகிச்சை மட்டும் தரப்பட்டது. அது போதாமல் ஏழாம் மாதத்தில், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் செர்ட்ராலின் மாத்திரை சேர்க்கப்பட்டது. குழந்தைக்கு ஆகாது என்று என் அம்மா அழுதார். மாத்திரையில் ஆபத்தே இல்லை என்று மருத்துவர் பூசி மெழுகவில்லை. சிகிச்சை பெறாத கடும் மனச்சோர்வும் பதற்றமும் குறைமாதப் பிரசவத்தோடும் எடை குறைந்த குழந்தையோடும் தொடர்புடையவை என்பதையும், செர்ட்ராலின் கர்ப்பிணிகளுக்குப் பரவலாகத் தரப்படும் மருந்து என்பதையும், பிறந்த குழந்தைக்குச் சில நாட்கள் நடுக்கமோ சிணுங்கலோ இருக்கலாம், அதைக் கவனித்துக்கொள்ளலாம் என்பதையும் அம்மாவை எதிரில் அமர்த்தியே விளக்கினார். அச்சம் பிரசவம் வரை முழுமையாக நீங்கவில்லை. தூக்கம் வந்தது, அசைவுகளைக் குறிப்பதை நிறுத்த முடிந்தது.

சேலத்திலிருந்து ஓர் அண்ணன்:

என் தங்கைக்குத் திருமணத்துக்கு முன்பிருந்தே, கடும் சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய் உண்டு. மனநிலையைச் சமன்படுத்தும் வால்ப்ரோயேட் மாத்திரை எடுத்துக்கொண்டு நலமாக இருந்தாள். கர்ப்பம் உறுதியான அன்றே, கணவர் வீட்டில் அத்தனை மாத்திரைகளையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். வால்ப்ரோயேட் கருவுக்குத் தீங்கானது என்பது உண்மை. ஆனால் அந்த மருந்து பாதிக்கக்கூடிய, குழந்தையின் தண்டுவடமாகவும் மூளையாகவும் மாறவேண்டிய நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள், அதாவது பல பெண்களுக்குக் கர்ப்பம் தெரியவரும் வேளையிலேயே, மூடிவிடுகிறது என்றும், ஆகையால் மருந்தை மாற்றும் வேலை கருத்தரிப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்றும் மருத்துவர் பின்னர் சொன்னார். அதுவரை மனநல மருத்துவரிடம் பிள்ளைப்பேறு பற்றி எங்கள் இரு குடும்பங்களிலும் யாரும் பேசியதில்லை. நோயை வெளியே சொல்லாமல் காப்பதிலேயே எல்லாருடைய கவனமும் இருந்தது.

சில வாரங்களில் அவள் இரவெல்லாம் விழித்திருந்து ஓயாமல் பேசத் தொடங்கினாள். மருத்துவமனையில் சேர்த்து வேறு மருந்து தொடங்கிய பின்பே அடங்கியது. ஸ்கேனில் குறை ஏதும் இல்லை. இப்போது எட்டாம் மாதம். பிரசவத்துக்குப் பிறகு அவள் மறுபடி மருத்துவமனையில் சேர நேர்ந்தால் குழந்தையைத் தங்களிடம் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் அவள் புகுந்த வீட்டார். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீண்டும், விழுப்புரம் செவிலியர்:

தம்பி, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. தாயின் நோயால் குழந்தைக்கு ஆபத்து என்றோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்றோ சிகிச்சை தரும் மனநல மருத்துவர் கருதினால் மட்டுமே தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவே இருக்கிறது. இருமுனை நோய் உள்ளவர்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய வாரங்களே மிகவும் இடர் மிகுந்தவை. எனவே எந்த மருந்து தொடரும், தாய்ப்பால் கொடுக்கலாமா, இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டு உங்கள் தங்கையைத் தூங்கவிடுவது என்பதையெல்லாம் மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து இப்போதே எழுதித் தரும்படி கேளுங்கள். தூக்கம் கெடுவதுதான் அவளுக்கு முதல் அடையாளம் என்றால், ஒரே ஓர் இரவு கெட்டாலும் காத்திருக்க வேண்டாம். எந்த நேரத்திலும் 14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், தமிழிலேயே பேசலாம்.

வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் எங்கள் பதிவேட்டில் எடைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இருந்ததுபோல் மனநிலைக்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்று அறிய 1987-இல் வெளிவந்த எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. பிரசவித்த பெண்களுக்காக உருவானாலும் கர்ப்பிணிகளுக்கும் பயன்படுகிறது. பசி, உடல் அசதி போன்று கர்ப்பத்தோடு குழம்பக்கூடியவற்றை அதில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். தமிழிலும் இருக்கிறது. மாமியாரோ கணவரோ அருகில் இல்லாதபோது கேட்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதற்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அந்தப் பெண்ணை அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.