வெள்ளவத்தையில் பூட்டிக் கிடக்கும் தொடர்மாடி வீடுகள்: வரி போட்டால் வாடகைக்கு வருமா?

(காலி வீதி, சோலைவரி, மீற்றர், குத்தகை என்பவை பேசுகிறவர்களின் புனைபெயர்கள்.)

காலி வீதி: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் வெளிநாட்டிலிருப்பவர்கள் வாங்கிப் பூட்டி வைத்த வீடுகள் பல. வான்கூவரிலும் டொரொண்டோவிலும் ஆளில்லா வீட்டுக்கு நகரசபையே வரி அறவிடுகிறது. கொழும்பிலும் அப்படிச் செய்யலாமா? எந்த முறை சரிவரும்?

சோலைவரி: சபை நினைத்தவுடன் போட முடியாது, மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடம் வேண்டும்.

முறைக்கு வருவோம். வான்கூவரில் 2017இல் மதிப்பிட்ட விலையின் 1 வீதமாகத் தொடங்கி, 2021இலிருந்து 3 வீதம். வருடத்தில் 6 மாதத்துக்கு மேல் ஆளில்லாவிட்டால் வரி விழும். அந்தக் கணக்கில் 4 கோடி ரூபா வீட்டுக்கு 1 வீதமே வருடம் 4 இலட்சம். ஆனால் நம் சோலைவரிக்கு, அதாவது வீடு வளவுக்குச் சபை அறவிடும் வரிக்கு, அடிப்படை விற்பனை விலையில்லை, வருடாந்தப் பெறுமதி, அதாவது நியாயமாகக் கிடைக்கக்கூடிய ஒரு வருட வாடகை. ஆகவே பிரான்ஸ் முறைதான் பக்கத்தில் நிற்கிறது: வீட்டு நெருக்கடியுள்ள இடங்களில் 2023இலிருந்து வாடகைப் பெறுமதியின் 17 வீதம், இரண்டாம் வருடத்திலிருந்து 34.

அதிலும் ஒரு வில்லங்கம். அங்கே அந்தப் பெறுமதிக்கு அடிப்படை 1970ஆம் ஆண்டு வாடகை. உயர்த்தி உயர்த்தி வந்தாலும் சந்தை வாடகையை எட்டவில்லை. இங்கேயும் பழைய பெறுமதியில் போட்டால் உறைக்காது. பராமரிப்புக் கட்டணத்தோடு கட்டிவிட்டுப் பூட்டியே வைப்பார்கள். மறுமதிப்பீடு முதலில், வரி பிறகு.

மீற்றர்: ஆளில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீர் மீற்றர் நல்ல அடையாளம், மெல்பேர்ணில் ஆய்வாளர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் தனி வீட்டில் கிணறு இருந்தால் மீற்றர் ஓடாது, காவலாளி இருந்தால் ஓடும். கரண்ட் யூனிற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இரண்டுமே மாநகர சபையின் கையில் இல்லை.

உரிமையாளரிடமே வருடாந்த அறிவிப்பு வாங்கலாம். 2024இல் டொரொண்டோவில் நடந்ததை மறக்கவேண்டாம்: அறிவிப்புத் தராததால், ஆட்கள் குடியிருந்த வீடுகளுக்கும் பில் போய்ப் பெரிய ரகளை. இங்கே அதைவிட மோசமாகும். உறுதி (உரிமைப் பத்திரம்) கைமாறியும் சபைப் பேரேட்டில் பழைய பெயரே கிடக்கிற வீடுகளுக்கு அறிவித்தல் யாருக்குப் போகும்?

குத்தகை: பூட்டி வைப்பதற்குக் காரணம் பணக் கொழுப்பு மட்டுமல்ல, "ஆளை எழுப்ப முடியாது" என்ற பயம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் விதைத்த பயம் அது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். குத்தகை முடிந்தபின் வீட்டை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது, ஆனால் வெளிநாட்டிலிருப்பவர்கள் பலருக்கு அது தெரியாது. அந்தப் பயம் போகாமல் வரி போட்டால் மச்சானின் பெயரில் பொய்க் குத்தகை எழுதுவார்கள், அவ்வளவுதான். அறிவிப்போடு குத்தகைப் பத்திரமும் குடியிருப்பவரின் பெயரிலுள்ள கரண்ட் பில்லும் கேட்கவேண்டும்.

எல்லையையும் பாருங்கள். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபை, அடுத்த தெஹிவளை வேறு சபை. ஒன்று மட்டும் போட்டால் வாங்குகிறவர் பாலம் தாண்டிப் போய் வாங்குவார்.

காலி வீதி: திருத்த வேலை, மரணம் என்றால் விலக்கு உண்டா?

சோலைவரி: வான்கூவரில் இரண்டுக்கும் உண்டு. திருத்த வேலைக்கு அனுமதிப் பத்திரம் காட்டவேண்டும். நம் ஊரில் முதுசச் சொத்து வழக்கிலுள்ள வீட்டுக்கும் விலக்கு எழுதவேண்டிவரும். அதற்குக் கால எல்லை வைக்காவிட்டால் எல்லா வீடும் வழக்கில்தான் இருக்கும்.