ரெட் ஒயின் பஞ்ச் ஒரு இரவு கழிந்தால் கசக்கிறது

கலந்ததும் குடித்தால் அருமை. ஃபிரிட்ஜில் ஒரு இரவு இருந்துவிட்டால் அடிநாக்கில் ஒட்டிக்கொள்கிற ஒரு கசப்பு வந்துவிடுகிறது. சர்க்கரை கூட்டினால் இனிப்பும் கசப்பும் தனித்தனியாகத் தெரிகிறது, அது இன்னும் மோசம்.

இருப்பது மார்த்தாண்டம். என் அளவு: இனிப்பில்லாத ரெட் ஒயின் 750 மில்லி, வட்டமாக நறுக்கிய ஆரஞ்சு 2, எலுமிச்சை 1, சாத்துக்குடிச் சாறு ஒரு டம்ளர், சர்க்கரைப் பாகு 100 மில்லி, ஒரு துண்டு பட்டை. கண்ணாடி ஜாடிதான். சோடா பரிமாறும்போது மட்டும்.

முதலில் தோலையும் அதன் அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியையும் சீவி எடுத்தேன், விதையையும் நீக்கினேன். கசப்பு குறைந்தது, போகவில்லை. பட்டை போடாமலும் பார்த்தாயிற்று, ஒயினை மாற்றியும் பார்த்தாயிற்று, வித்தியாசமே இல்லை. மதினி சொன்னபடி ஒரு சிட்டிகை உப்பு போட்டதில் கொஞ்சம் அடங்கியது.

மிச்சம் இருப்பது சாத்துக்குடிதான். அதன் சாறு பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும், லிமோனின் என்கிற கசப்புப் பொருள் உருவாவதால். சரி என்று அதற்குப் பதில் கைதச்சக்கை (அன்னாசி)ச் சாறு ஊற்றினேன். ஒயின் வாசனையே அமுங்கிப் போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய ஆள். அன்றைக்கு அடுப்படி வேலையே தலைக்கு மேல் இருக்கும், முந்தின நாளே கலந்து வைத்தாக வேண்டும்.

சாத்துக்குடிக்குப் பதிலாக, ஒரு இரவு ஊறினாலும் கசக்காத, நம்ம ஊர்ச் சந்தையில் கிடைக்கிற எந்தப் பழத்தின் சாற்றைச் சேர்க்கலாம்?