தற்காப்புக் கலை வகுப்பு: உடற்பயிற்சியும் பாதுகாப்பும் ஒருசேரக் கிடைக்குமா?

ஒற்றைக்கால் நாரை:

வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஏதேனும் ஒரு தற்காப்புக் கலை வகுப்பில் சேரலாம் என்று நினைத்திருக்கிறேன். பதினாறு வயதாகும் என் மகளும் உடன் வருவதாகச் சொல்கிறாள். இதுவரை மூன்று வகுப்புகளைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றிலும் கற்றுத்தரும் கலை வேறு. ஆனால் மூன்று மாஸ்டர்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே உறுதியை அளித்தார்கள்: உடல் கட்டுக்குள் வரும், ஆபத்து நேர்ந்தால் தற்காத்துக்கொள்ளவும் முடியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும் என்று யார் சொன்னாலும் எனக்குச் சற்று ஐயம் எழுவது வழக்கம். இவ்விரண்டும் உண்மையிலேயே ஒரே பயிற்சியில் கிடைக்குமா என்பதைப் பல ஆண்டுகள் பயின்றவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கட்டா மறந்தவன்:

கிடைக்காது. பதினொரு ஆண்டுகள் கராத்தே பயின்று கறுப்புப் பட்டை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். உடற்பயிற்சி என்று மட்டும் சொல்லி வகுப்பு நடத்தினால் எனக்கு மறுப்பில்லை. பாதுகாப்பு என்ற சொல்லைச் சேர்க்கும் இடத்தில்தான் பொய் தொடங்குகிறது.

என் வகுப்பில் எதிரே நிற்பவர் எந்தக் கையால் குத்துவார், எவ்வளவு தொலைவிலிருந்து வருவார், எப்போது தொடங்குவார் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். அவர் ஒரு குத்து விடுவார், நான் தடுப்பேன், அதன்பின் அவர் சிலைபோல நின்று, நான் திருப்பிக் கொடுக்கும் மூன்று அடிகளையும் பொறுமையாக வாங்கிக்கொள்வார். இப்படிப் பத்தாண்டுகளுக்கு மேல் பயின்ற பின்பு, ஒரு நாள் கூட்டத்தில் யாரோ ஒருவர் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். கற்ற தடுப்புகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தடுமாறி விழுந்தேன். ஆள் மாறிவிட்டது என்று அவரே மன்னிப்புக் கேட்டதால் அத்துடன் முடிந்தது.

இதற்குக் காரணம் உண்டு. தெரிவுகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒருவர் எதிர்வினை ஆற்ற எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடுகிறது என்பதை ஹிக் என்ற உளவியலாளர் 1952-இலேயே சோதனை செய்து காட்டினார். பன்னிரண்டு வகைத் தடுப்புகளைக் கற்றவன், எதைத் தேர்வது என்று மூளை தேடிக்கொண்டிருக்கும்போதே அடி வாங்கிவிடுகிறான். கத்தியை எதிர்கொள்ளும் நுணுக்கங்கள் என்று சில வகுப்புகளில் காட்டப்படுவதோ இன்னும் மோசம். அமெரிக்கக் காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டுவெல்லர் 1983-இல் எழுதிய கட்டுரையில், 21 அடி தொலைவிலிருந்து கத்தியுடன் ஓடிவருபவர் ஏறத்தாழ ஒன்றரை நொடியில் எட்டிவிடுவார் என்று கணக்கிட்டுக் காட்டினார். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் காவலருக்கே அதை உருவிச் சுட அந்த நேரம்தான் இருக்கிறது. வெறுங்கையுடன் நிற்பவருக்கு மணிக்கட்டை முறுக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்து அனுப்புவதை நான் குற்றம் என்றே கருதுகிறேன்.

விழப் பழகியவர்:

நண்பர் கட்டா மறந்தவன் தம் வகுப்பைப் பற்றிச் சொல்வதை முழுமையாக நம்புகிறேன். ஆனால் ஒரு வகுப்பின் குறையை எல்லாக் கலைகளின் மீதும் ஏற்றுவது சரியாகாது. இருபது ஆண்டுகளாக ஜூடோ கற்பித்துவருகிறேன். எங்கள் பயிற்சியின் பெரும்பகுதி ராண்டோரி எனப்படும் விடுபயிற்சி. அதில் எதிராளி சிலைபோல நிற்கமாட்டார், நம்மைக் கீழே தள்ளவே முழு வலுவுடன் முயல்வார்.

ஜிகோரோ கானோ 1882-இல் கோடோகன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியபோது, ஜப்பானின் பழைய தற்காப்புக் கலையான ஜூஜுட்சுவில் இருந்த, கண்ணையும் மூட்டையும் சிதைக்கக்கூடிய ஆபத்தான உத்திகளை விடுபயிற்சியிலிருந்து விலக்கினார். பார்வைக்கு அது கலையைப் பலவீனப்படுத்தும் செயல். விளைவோ நேர்மாறாக அமைந்தது. ஆபத்தானவை நீங்கியதால் எஞ்சியவற்றை நாள்தோறும், தடுத்துப் போராடும் உடல் ஒன்றின் மீது முழு வேகத்துடன் செய்துபார்க்க முடிந்தது. கண்ணைக் குத்தும் உத்தியைக் காற்றில் ஆயிரம் முறை செய்தவரைவிட, எளிய கால்வாரலை உயிருள்ள எதிர்ப்புக்கு எதிராக நூறு முறை செய்தவர் தேர்ந்தவராகிறார். அந்த ஜூடோவின் வழியில் வந்த பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும் இம்முறையைக் கைவிடவில்லை. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், எடைப் பிரிவே இல்லாமல் நடந்த முதல் யுஎஃப்சி எனப்படும் பல்கலைச் சண்டைப் போட்டியில், அக்கலையைப் பயின்ற, பெரிய உடற்கட்டு இல்லாத ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றதற்கு இப்பயிற்சி முறையே முதன்மையான காரணம்.

ஹிக் குறித்தும் ஒரு சொல். நீண்ட பயிற்சியினால் அந்தத் தாமதம் பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் பின்வந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. நண்பர் பாதியை மட்டும் சொன்னார்.

கட்டா மறந்தவன்:

டென்வரில் ஒருவருக்கு ஒருவர்தான் மோதினார்கள். கீழே மெத்தை விரித்திருந்தார்கள். கடிப்பதற்கும் கண்ணைக் குத்துவதற்கும் தடை இருந்தது. தார்ச் சாலையில் இவற்றில் எது இருக்கிறது?

விழப் பழகியவர்:

எதுவும் இல்லை. மெத்தையில் ஒருவரைச் சமாளிக்க முடியாதவர் தார்ச் சாலையில் எப்படிச் சமாளிப்பார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாலைநடை:

இருவரும் முகம் தெரியாத ஒரு முரடனை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். கேள்வி கேட்டவருக்குப் பதினாறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தம் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார். அதில் பெரும்பகுதியைச் செய்பவர் கணவர் அல்லது துணைவர். ஆக, தாக்குபவர் இருட்டுச் சந்தில் காத்திருப்பதைவிட ஒரே வீட்டில் உண்டு உறங்குவதே அதிகம். அவர் 21 அடி தொலைவிலிருந்து ஓடிவருவதில்லை; சிறுகச் சிறுக எல்லை மீறுகிறார், மறுத்தால் கோபித்துக்கொள்கிறார், பிறகு நம்மைக் குற்றவுணர்வில் ஆழ்த்துகிறார். எந்த வகுப்பிலும் இந்தத் தாக்குதலுக்குத் தடுப்பு கற்பிப்பதை நான் பார்த்ததில்லை.

கற்பிக்க முடியாதது அன்று. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவியர் ஏறத்தாழ 900 பேரிடம் நடத்தப்பட்டு, 2015-இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று உள்ளது. ஒரு பிரிவினருக்குத் துண்டறிக்கைகள் மட்டும் தரப்பட்டன. மற்றொரு பிரிவினருக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. அறிமுகமான ஆணிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, உறவு கெட்டுவிடுமோ என்ற தயக்கத்தை எப்படிக் கடப்பது, சொல்லாலும் உடலாலும் எப்படி எதிர்ப்பது என்பவை அப்பயிற்சியின் பாடங்கள். அடுத்த ஓராண்டில் துண்டறிக்கை பெற்றவர்களில் 9.8 விழுக்காட்டினர் வன்புணர்வுக்கு ஆளானார்கள். பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 விழுக்காடாக இருந்தது.

கட்டா மறந்தவன்:

இதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா. பன்னிரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கிறது. என் பதினொரு ஆண்டுகள் வீண்.

மாலைநடை:

இல்லை, ஐயா, நீங்கள் சொல்வது வேறு. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் உடலால் எதிர்க்கும் பயிற்சியும் ஒரு பங்கு. அதை நீக்கிவிட்டு வெறும் விழிப்புணர்வு உரையாகக் கொடுத்திருந்தால் இதே விளைவு வந்திருக்கும் என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. நான் குத்துச்சண்டை பயில்கிறேன். முதல் வாரத்தில் எங்கள் மாஸ்டர் பையைக் குத்தும்போது உரக்கக் கத்தச் சொன்னார். என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. குரலை உயர்த்தாதே, இடித்துக்கொண்டு நடக்காதே, யாரையும் தொடாதே என்று வளர்க்கப்பட்ட ஓர் உடலுக்கு, ஒருவரை ஓங்கி அடிக்கலாம், அடித்தாலும் உலகம் இடிந்து விழாது என்று தெரிய எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. ஆண்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். கீழ்மட்ட வெள்ளைப் பட்டைகூட இல்லாத நான், வகுப்பிலிருந்து பெற்ற பெரிய பயன் அந்தக் குரல்தான்.

மூட்டு மருத்துவர்:

விவாதம் பாதுகாப்பிலேயே நின்றுவிட்டதால், கேட்டவரின் மாடிப்படி மூச்சிரைப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடங்கள் கடும் உழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்பதும், குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளை வலுப்படுத்த வேண்டும் என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரம் மூன்று வகுப்புகள் இதை நிறைவேற்றிவிடும் என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். உடலுழைப்பின் அளவுகளைத் தொகுத்துள்ள 2011 அட்டவணையில் ஜூடோ, கராத்தே, டேக்வாண்டோ போன்றவற்றின் வழக்கமான பயிற்சிக்கு 10.3 என்ற மதிப்பு தரப்பட்டுள்ளது. அதாவது சும்மா அமர்ந்திருப்பதைப் போல் பத்து மடங்கு ஆற்றல் செலவு. ஆனால் அதே அட்டவணை புதியவர்களின் மெதுவான பயிற்சிக்குத் தருவது 5.3 மட்டுமே. விரைநடையைவிட அது சற்றே அதிகம். அத்துடன், ஒரு மணி நேர வகுப்பில் தம் முறைக்காகச் சுவரோரம் நிற்கும் நேரத்தையும் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும். எனவே முதல் ஆறு மாதங்களுக்கு வகுப்புடன் நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விழப் பழகியவர் ஜூடோவைப் பற்றிப் பெருமையாக எழுதினார். ஜப்பானியப் பள்ளிகளில் 1983-க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோப் பயிற்சியில் உயிரிழந்தார்கள். அவற்றில் தலைக்காயங்களே மிகுதி. குத்துச்சண்டையில் அணியும் தலைக்கவசமும் நெற்றி கிழிவதைத் தடுக்குமே தவிர, உள்ளே மூளை குலுங்குவதைத் தடுப்பதில்லை. நாற்பது வயதில் உடலைத் தேற்றிக்கொள்ளச் சேருபவர், தலையில் அடி வாங்கும் பயிற்சியை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மறுப்பதற்கு வெட்கப்படவும் தேவையில்லை.

விழப் பழகியவர்:

மருத்துவர் சொன்னது எங்கள் கலையின் மீதுள்ள கறை. அதை மறைக்க விரும்பவில்லை. சரியாக விழத் தெரியாத புதியவரைப் பின்னோக்கி வீழ்த்தினால் பின்மண்டை தரையில் மோதும். அப்படிப்பட்ட சிறுவர்களை ஓசோட்டோகாரி (காலை வாரிப் பின்னோக்கி வீழ்த்துவது) போன்ற வீச்சுகளுக்கு உட்படுத்திய பயிற்றுநர்களே பொறுப்பாளிகள். இதனால்தான் என் வகுப்பில் முதல் இரண்டு மாதங்களுக்கு யாரும் யாரையும் வீழ்த்துவதில்லை. உகேமி எனப்படும் விழும் பயிற்சி மட்டுமே: முகவாயை நெஞ்சோடு ஒட்டிவைப்பது, முதுகை வளைத்து உருள்வது, கையை ஊன்றாமல் உள்ளங்கையோடு முழங்கை வரை தரையில் அறைந்து அதிர்ச்சியைப் பரப்புவது. சலிப்பூட்டும் பயிற்சிதான், பலர் மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

நின்றவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்த இருபது ஆண்டுகளில் என்னை ஒருவரும் தாக்கியதில்லை. ஈரத் தரையில் ஒருமுறையும் மிதிவண்டியிலிருந்து ஒருமுறையும் விழுந்திருக்கிறேன். இரண்டு முறையும் உடல் தானாக உருண்டது, எழுந்து நடந்துவிட்டேன். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான பொருளை நான் அறியேன்.

கட்டா மறந்தவன்:

காலரைப் பிடித்து இழுத்த கதையில் ஒன்றை எழுதாமல் விட்டேன். விழுந்தபோது வலக்கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப்போட்டிருந்தேன். பதினொரு ஆண்டுகளில் எத்தனையோ விதமாக நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். விழுவதற்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. இந்த ஒரு செய்தியில் ஜூடோக்காரரிடம் எனக்கு வாதம் இல்லை.

ஆனாலும் பாருங்கள், கத்தியைப் பற்றி நான் எழுதியதை அனைவரும் நாசூக்காகத் தாண்டிச் சென்றுவிட்டீர்கள்.

விழப் பழகியவர்:

தாண்டவில்லை, ஏற்றுக்கொண்டதால் எழுதவில்லை. கத்திக்கு என் வகுப்பில் ஒரே பாடம்தான்: கேட்பதைக் கொடுத்துவிடு, கொடுத்த பின்னும் நெருங்கினால் ஓடு. ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதால், வாரம் ஒருமுறை பயிற்சியின் முடிவில், எல்லோரும் களைத்துப்போயிருக்கும் நேரமாகப் பார்த்து, 400 மீட்டர் ஓடவைக்கிறேன். உடற்பயிற்சியும் பாதுகாப்பும் வேறு வேறு என்று தொடக்கத்தில் சொன்னீர்களே, அந்த 400 மீட்டரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

கட்டா மறந்தவன்:

உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையிலும் அப்படியே எழுதிவையுங்கள்: இங்கு விழவும் ஓடவும் கற்றுத்தரப்படும். எத்தனை பேர் சேருகிறார்கள் என்று பார்ப்போம்.

ஒற்றைக்கால் நாரை:

அனைவருக்கும் நன்றி. நேற்று அந்த மூன்று வகுப்புகளுக்கும் மீண்டும் சென்று இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டேன்: விழுவதற்கு எத்தனை வாரம் கற்றுத்தருவீர்கள், எதிரே நிற்பவர் எப்போதிலிருந்து உண்மையாக எதிர்ப்பார்? ஒருவர் பதில் சொல்லாமல் கட்டண விவரத்தை நீட்டினார். இன்னொருவர், விழாமல் இருக்கத்தானே இங்கே வருகிறீர்கள் என்று சிரித்தார். மூன்றாமவர் உடனே மெத்தையை விரித்து, தாமே பின்னோக்கி விழுந்து காட்டினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. திங்கட்கிழமை அங்கே சேர்கிறேன்.

என் மகள் வரவில்லை. மாலைநடை எழுதியதைப் படித்துவிட்டு, தனக்குக் குத்துச்சண்டைதான் வேண்டும் என்கிறாள். தலையில் அடி விழாமல் பயிற்சி தரும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.