அந்த 0 நான் எழுதியது

பெங்களூர் பெல்லந்தூரில் ஒரு கம்பெனி. எல்எல்டிபி என்பது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடும் டிபக்கர்; அதைப் பைதான் ஸ்கிரிப்ட் வழியாக இயக்கும் ஏபிஐக்கு எங்கள் ஆட்கள் பார்க்கிற டாகுமென்டேஷன் என் பொறுப்பு. எவன் படிக்கப்போகிறான் என்ற நினைப்பில்தான் ரொம்ப நாள் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருநெல்வேலிப் பையன் ஒருவன், மடிவாளாவில் ஒன்பதரைக்குப் பஸ், பையை மேஜைக்குக் கீழேயே வைத்துக்கொண்டு ரெண்டு நாளாக எங்கேயும் சுட்டாத ஒரு நல் பாயின்டரைத் துரத்திக்கொண்டிருந்தான் (பெயரில் மட்டும்தான் நல்). புரோகிராம் நிற்கும்போதெல்லாம் அவன் ஸ்கிரிப்ட் ஒரு வேரியபிளை அச்சடிக்கும், எப்போது பார்த்தாலும் 0. பக்கத்தில் உட்கார்ந்து கன்சோலில் அதே வேரியபிளைக் கேட்டேன். கிடைக்கவில்லை என்றது. வேகத்துக்காகக் கம்பைலர் ஆப்டிமைஸ் செய்த பில்டு, அந்த வரியில் அது எங்கேயும் இல்லை.

விஷயம் இதுதான்: வேரியபிளைக் குறிக்கும் எஸ்பிவேல்யூவிடம் மதிப்பை எண்ணாகக் கேட்கும் மெத்தட் கெட்வேல்யூஆஸ்அன்சைன்ட், மதிப்பைப் படிக்க முடியாவிட்டால் கத்தாது, தோற்றால் இதைக் கொடு என்று நாம் சொன்ன எண்ணைத் தரும், ஒன்றும் சொல்லாவிட்டால் 0. நிஜ 0 எது, தோல்வி 0 எது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

“அண்ணா, நீங்க எழுதினதுல இது இல்லையே” என்றான். என் டாகுமென்டேஷனில் இருந்தது ஒரே வரி: மதிப்பை எண்ணாகத் தரும்.

பிழையைக் குறித்துவைக்கும் எஸ்பிஎரர் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் தோல்வி அதில் தெரிந்துவிடும். முதலில் உதாரணக் கோடை அப்படி மாற்றினேன், விளக்கமெல்லாம் அப்புறம். ஆட்கள் காப்பி அடிப்பது உதாரணத்தைத்தானே. அதற்குள் அவன் பஸ் ஓசூரைத் தாண்டியிருக்கும்.

—

உங்கள் 0 கதையைப் படித்தேன். நான் ஜிடிபி என்ற இன்னொரு டிபக்கருக்கு டாகுமென்டேஷன் எழுதுகிறவன், இதே ஊர்தான். நீங்கள் எழுதாமல் மாட்டினீர்கள், நான் வெட்டி மாட்டினேன். பைதானில் பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்கவேண்டிய இடம்) கிளாஸுக்கு ஸ்டாப் என்று ஒரு மெத்தட் எழுதலாம், ட்ரூ தந்தால் நிற்கும், ஃபால்ஸ் தந்தால் ஓடும். அதற்குள் ஸ்டெப் போகாதே (வரி வரியாக ஓட்டாதே), ஃப்ரேமை (பார்த்துக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் அழைப்பை) மாற்றாதே, பிரேக்பாயின்ட் வைக்காதே, அழிக்காதே என்று மேனுவலில் தெளிவாகவே இருக்கிறது. எங்கள் டாகுமென்டேஷன் பக்கம் சுருக்கமாக இருக்கட்டும் என்று அந்தப் பத்தியைத் தூக்கியது நான். ஒருத்தர் ஸ்டாப்புக்குள்ளேயே அடுத்த பிரேக்பாயின்ட்டை வைத்தார், ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது, மெஷின் மேல் பழி.

பத்தியைத் திரும்ப ஒட்டி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். மேனேஜரிடமிருந்து ஒரே கமென்ட்: பக்கம் ஏன் நீளமாகிவிட்டது?