மகளை இன்டர்ன்ஷிப் செய்ய ஊக்குவிப்பது எப்படி?

கேள்வி:
என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறையில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்யும்படி சொல்லும்போதெல்லாம், "தேர்வு முடியட்டும், பார்க்கலாம்" என்று பேச்சை முடித்துவிடுகிறாள். வற்புறுத்தாமல் அவளுக்கு ஆர்வம் வரச் செய்ய என்ன வழி?

மறுமொழி 1:
இதைச் சோம்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று தெரியாததும், நிராகரிக்கப்படுவோமோ என்ற அச்சமும் பலரைத் தடுக்கின்றன. படித்தவற்றில் எதைச் செய்துபார்க்க விரும்புகிறாள் என்று கேட்டறிந்து, அத்துறையில் பணிபுரியும் உங்கள் நண்பர் எவரேனும் இருந்தால் அவரோடு சிறிது நேரம் பேசவையுங்கள். அவளுக்காக நீங்களே விண்ணப்பிப்பதும், நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பதும் மட்டும் வேண்டவே வேண்டாம் (செய்பவர்கள் இருக்கிறார்கள்!).

மறுமொழி 2:
தேர்வு முடியும்வரை காத்திருப்பதுதான் சிக்கல். பெரிய நிறுவனங்கள் பலவும் பயிற்சி தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே மாணவர்களைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. அவளுக்குப் பிடித்த இரண்டு மூன்று நிறுவனங்களின் கடைசித் தேதிகளை அவளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது விரைவாக வேலை செய்யும்.

மறுமொழி 3:
பயிற்சி தருவதற்குக் கட்டணம் கேட்கும் இடங்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் சில சான்றிதழை மட்டுமே விற்கின்றன. உதவித்தொகை இல்லாத நல்ல வாய்ப்பு அமைந்தால், பயணச் செலவை நீங்கள் ஏற்பதாக முன்பே சொல்லிவிடுங்கள். பணத்தைப் பற்றிய தயக்கத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை.